ஒரே ஜோடி ஸ்பீக்கரில் சினிமாவும் பாட்டும்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

படத்துக்கு ஏவி ரிசீவர் (படத்தின் ஒலியைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் கருவி), பாட்டுக்குத் தனி ஸ்டீரியோ ஆம்ப் (இரண்டு ஸ்பீக்கரை இயக்கும் ஒலிபெருக்கி), இரண்டுக்கும் பொதுவாக முன்னால் ஒரே ஜோடி ஸ்பீக்கர். என் வீட்டில் பல வருடமாக இந்த ஏற்பாடுதான் ஓடுகிறது. பாட்டு கேட்கும்போது ரிசீவர் குறுக்கே வருவதில்லை, பாடுபவரின் குரல் தெளிவாக முன்னால் வந்து நிற்கிறது. படம் ஓடும்போது முன் ஸ்பீக்கர்கள் இரண்டின் பாரமும் ஆம்ப்புக்குப் போய்விடுவதால், ரிசீவர் நடு ஸ்பீக்கரான சென்டரையும், சுற்றியிருக்கும் சரவுண்ட் ஸ்பீக்கர்களையும் மட்டும் சுமந்தால் போதும். அதன் மேல்மூடியில் கை வைத்தாலே தெரியும், முன்பு போலச் சுடுவதில்லை. ஒலி விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி. ஆனால் இந்தக் கூட்டணியில் ஸ்பீக்கர் அடிபடுவதற்குப் புதிதாகச் சில வழிகள் திறக்கின்றன. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

ரிசீவரின் ஸ்பீக்கர் ஒயரையும் ஆம்ப்பின் ஸ்பீக்கர் ஒயரையும் ஒரே ஸ்பீக்கரில் சேர்த்து முறுக்கவே கூடாது. ஒரே உறையில் இரண்டு கத்தி வைப்பது போன்றது அது. ஆம்ப்பின் அவுட்புட் பக்கத் தடை ஒரு ஓமில் சிறு பின்னம்தான் இருக்கும். ஒன்று அனுப்பும் மின்சாரம் ஸ்பீக்கரை விட்டு இன்னொன்றுக்குள் பாய்ந்துவிடும். ‘ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே போடுவோம்’ என்பதும் உதவாது. அணைத்து வைத்தால் உள்ளே இருக்கும் ரிலே (தானியங்கிச் சுவிட்ச்) ஸ்பீக்கரைப் பிரித்துவிடும் என்று எல்லா ஆம்ப்பையும் நம்ப முடியாது. அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, பாதுகாப்பு ரிலேயும் கைவிட்டால் டிசி (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) நேராக ஸ்பீக்கர் காயிலில் ஏறும், காயில் கருகும். நடுவில் செலக்டர் சுவிட்ச் வைப்பவர்களும் உண்டு. ஒன்றை முழுதாகப் பிரித்த பிறகே அடுத்ததைச் சேர்க்கும் வகை, அதுவும் பிளஸ், மைனஸ் இரண்டையும் துண்டிக்கும் வகை என்றால் சரி. எனக்கு அந்த வழியில் விருப்பமில்லை.

நல்ல வழி, ரிசீவரின் ஃப்ரண்ட் ப்ரீ-அவுட்டிலிருந்து (முன் ஸ்பீக்கர்களுக்கான ஒலியைப் பெருக்காமல் வெளியே தரும் துளை) ஆம்ப்பின் ஹோம் தியேட்டர் பைபாஸ் இன்புட்டுக்கு ஒரு ஜோடி ஆர்சிஏ ஒயர். ஸ்பீக்கர் ஆம்ப்பை விட்டு நகர்வதே இல்லை. பைபாஸில் ஆம்ப்பின் வால்யூம் குமிழுக்கு வேலை கிடையாது. முழு அதிகாரமும் ரிசீவரின் வால்யூமுக்கு. வசதியும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சிடி ப்ளேயர் போன்ற நிலையான அவுட்புட் உள்ள கருவி வழக்கமாக 2 வோல்ட் வரை தரும். பல ஆம்ப்கள் முழுத் திறனைத் தொட அதுவே போதும், சிலவற்றுக்கு அதிகம். அலமாரியைத் துடைத்துவிட்டு யாராவது அந்த ஒயரை பைபாஸ் துளையில் மாற்றிச் சொருகினால், முதல் நொடியிலேயே முழுச் சத்தம். அதனால் பைபாஸ் ஒயரின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், சிவப்பு ஒயர் ரிசீவருக்கு மட்டும்.

இன்னொரு ஆபத்து அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. ஆம்ப்பைப் போட மறந்து படத்தை ஆரம்பித்தாலும் சென்டரிலிருந்து வசனம் கேட்கும். இசைதான் எங்கோ தூரத்தில் ஒலிப்பது போல இருக்கும். சத்தம் பத்தவில்லை என்று ரிசீவரை ஏற்றிக்கொண்டே போவார்கள். அப்புறம் யாராவது ஆம்ப்பைப் போட்டால் அத்தனையும் ஒரே அடியாக, கீச்சு ஒலிகளைத் தரும் சிறிய ட்வீட்டரில் இறங்கும். இதற்கு மனிதர்களின் ஞாபகத்தை நம்பக்கூடாது. ரிசீவரின் 12 வோல்ட் ட்ரிக்கரிலிருந்து ஆம்ப்புக்கு ஒரு மெல்லிய ஒயர் போட்டால், ரிசீவர் விழிக்கும்போது ஆம்ப்பும் விழிக்கும். ரிசீவர் மெனுவில் அதிகபட்ச வால்யூமுக்கு ஒரு எல்லை, இயக்கும்போது தொடங்கும் வால்யூமுக்கு ஒரு அளவு, இரண்டையும் அமைத்துவிடுங்கள். ட்ரிக்கர் இல்லாத ஆம்ப் என்றால், போடும்போது கடைசியாக, அணைக்கும்போது முதலாவதாக. ஆம்ப்பில் ஆட்டோ ஸ்டாண்ட்பை இருந்தால் அதை நிறுத்திவிடுவது மேல். இரவில் குறைந்த சத்தத்தில் பார்க்கும்போது, சிக்னல் இல்லை என்று நினைத்து அது தூங்கிவிடும், பழையபடி அதே கதை.

பைபாஸ் இல்லாத ஆம்ப் என்றாலும் செய்யலாம். சாதாரண ஆக்ஸ் இன்புட்டில் கொடுத்து, ஆம்ப்பின் குமிழை ஒரு இடத்தில் நிறுத்தி, அங்கே ஒரு புள்ளி வைத்துவிட்டு, ரிசீவரின் மைக் அளவீட்டை (ஸ்பீக்கர்களின் சத்தத்தை மைக்கால் அளந்து ரிசீவர் தானே சமன் செய்வது) ஓட்ட வேண்டும். ஃப்ரண்ட் லெவல் −12 டெசிபலில் போய் முட்டி நின்றால் குமிழைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை படம் போடும்போதும் குமிழ் புள்ளியில் நிற்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தினமும் பார்ப்பவர்களுக்கு இது அலுத்துப்போகும். புதிதாக ஆம்ப் வாங்குபவர்கள் பைபாஸ் உள்ளதையே தேடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

அளவீடு முடிந்ததும் பல ரிசீவர்கள் பெரிய ஸ்பீக்கரை ‘லார்ஜ்’ (அடிநாதம் முழுவதையும் அதற்கே அனுப்பலாம்) என்று குறித்துவிடும். நான் அதை ‘ஸ்மால்’ ஆக்கி 80 ஹெர்ட்ஸில் வெட்டி, கீழே உள்ளதை அடிநாதத்துக்கான தனி ஸ்பீக்கரான சப்வூஃபருக்குத் தள்ளிவிடுகிறேன். அதிர்வெண் பாதியாகும்போது, அதே சத்தத்துக்கு வூஃபர் கோன் (அடிநாதம் தரும் பகுதியில் முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். வெடிச் சத்தக் காட்சிகளில் கோன் எல்லையைத் தாண்டி அடிபடாமல் இருக்க இந்த ஒரு மாற்றமே பெரிய காவல். ஆம்ப்புக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். 10 டெசிபல் கூட்ட 10 மடங்கு வாட் வேண்டும் என்பதால் ஆம்ப்பின் எல்லை நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். அதைத் தாண்டினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, சில வாட் மட்டுமே தாங்கும் ட்வீட்டருக்கு அளவுக்கு மீறிய சூடு போகும். குரல் கரகரக்க ஆரம்பித்தால் உடனே குறையுங்கள்.

இணைத்த பிறகு உறுமல் கேட்டால், அநேகமாக கிரவுண்ட் லூப் (கருவிகளின் எர்த் இணைப்புகளுக்கு இடையே உருவாகும் வேண்டாத மின்சுற்று). இரண்டு கருவியையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் போட்டுப் பாருங்கள், ரிசீவருக்கு வரும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள், அது உயிர் சமாச்சாரம்.

நாள்பட ஸ்பீக்கர் முனையத் திருகுகள் தளர்கின்றன. அவ்வப்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இறுக்கி, செம்பு இழை ஏதாவது பக்கத்து முனையைத் தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பழைய ஆம்ப்பில் ஒரு பக்கம் மட்டும் மெலிந்து ஒலித்து, வால்யூமை ஏற்றியதும் சரியானால், ஸ்பீக்கரைக் குற்றம் சொல்லாதீர்கள். ஆம்ப்புக்குள் இருக்கும் ரிலேயின் தொடுமுனை கறுத்திருக்கும், அதை மாற்றினால் சரியாகிவிடும்.