கிம்ப் 3.0: தாமதமாக வந்தாலும் உருப்படியாக வந்திருக்கிறது

அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகையும் பேனரும் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். கருவி கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள். 2.10 பதிப்பு 2018 ஏப்ரலில் வந்தது. 3.0 வர 2025 மார்ச் ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் உள்ளே என்ன வேலை நடந்தது என்பது இப்போது பயன்படுத்தும்போது தெரிகிறது.

பத்திரிகையில் ‘திருநிறைசெல்வி’ என்று எழுதி நிழல் கொடுத்திருப்போம். புரூஃப் பார்த்த பெண்ணின் அப்பா, “தம்பி, நடுவில் ‘ச்’ விட்டுப்போச்சே” என்பார். 2.10-இல் நிழல் விழுந்ததுமே எழுத்து படமாகிவிடும். திருத்தப் போனால், செய்த மாற்றமெல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரிக்கும். மறுபடி முதலிலிருந்து நிழல் போட வேண்டும். 3.0-இல் லேயரின் (படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் அடுக்கு) பக்கத்தில் ‘எஃப்எக்ஸ்’ என்று சின்னக் குறி நிற்கிறது. ‘ச்’ சேர்த்தால் நிழலும் கூடவே நகர்ந்துகொள்கிறது. நிழலின் அடர்த்தி பிடிக்கவில்லையா, அந்தக் குறியைத் தட்டி மாற்றினால் சரி. எனக்கு இது ஒன்றே போதும்.

இதற்காக கிம்ப் குழுவினர் பழைய நிரலை அடியோடு மாற்ற வேண்டியிருந்தது. பிக்சல்களைக் கையாண்ட பழைய பகுதி நிறத்துக்கு 8 பிட் என்ற கணக்கில் எழுதப்பட்டது. அதன் இடத்தில் ஜெகல் என்ற எஞ்சினை 2008-இல் 2.6 பதிப்பில் கொஞ்சமாக நுழைத்தார்கள். ஏறக்குறைய முழுதாக மாறியது 2.10-இல்தான். அது இல்லாமல் நிழல் போன்ற விளைவைத் தரும் ஃபில்டரைத் தனியாக நிறுத்தி வைக்க வழியே இல்லை. அப்புறம் ஜன்னல், பொத்தான் வரையும் ஜிடிகே. கிம்புக்காகவே பிறந்த நிரல் நூலகம் அது. ஆனால் ஜிடிகே 3 வந்தது 2011-இல். கிம்ப் அதற்கு மாறி முடிக்கப் பதினான்கு வருடம் ஆனது. பல லேயர்களை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்கும் வசதி பார்க்கச் சின்னதுதான். ஆனால் ‘தேர்வில் இருப்பது ஒரே லேயர்’ என்ற எண்ணம் நிரல் முழுக்க ஊறியிருந்தது. ஒவ்வோர் இடமாகத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும், செருகுநிரல்களுக்கான (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) இடைமுகம் உட்பட. இவ்வளவையும் செய்தது சிறிய குழு, பெரும்பாலும் தன்னார்வலர்கள். அதற்கு நடுவில் 2.10-க்குத் திருத்தப் பதிப்புகளும் விட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பொறுமைக்கு மனசார நன்றி சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. பைத்தான் 2 என்ற பழைய நிரல்மொழிப் பதிப்பில் எழுதிய பழைய செருகுநிரல்கள் ஓடாது. யாராவது திருத்தி எழுதினால்தான் உண்டு. அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிறம் எப்படி வரும் என்று முன்னோட்டம் பார்க்கலாம், வேலை மட்டும் இன்னும் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில்தான். அச்சுக்காரர்களுக்கு இது பெரிய குறை, அடுத்து இதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

மாறப் போகிறவர்கள் 2.10-ஐ உடனே நீக்க வேண்டாம். இரண்டின் அமைப்புகளும் தனித்தனிக் கோப்புறையில் இருப்பதால் ஒன்றையொன்று கெடுக்காது. ஆனால் புதிய ஃபில்டரோடு 3.0-இல் சேமித்த எக்ஸ்சிஎஃப் கோப்பைப் (கிம்பின் சொந்தக் கோப்பு வடிவம்) பழையதில் திறக்க முடியாது. நடப்பு வேலைகளுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.