மூன்று நாள் ஊறவைத்ததாகப் பில் போட்ட பட்டறையும் ஒடிந்த பிஸ்டன் ரிங்கும்

இரண்டு மழைக்காலங்கள் வெட்டவெளியில் நின்ற என் மோட்டார் சைக்கிளின் என்ஜின் துருவால் இறுகிவிட்டது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் வெறும் துணியைத் திணித்து வைத்தது என் தவறுதான். துணி வழியே இறங்கிய ஈரம் வார்ப்பிரும்பு சிலிண்டரின் உட்சுவரில் துருவாகி, அதற்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைக் கவ்விக்கொண்டது. ஆனால் நான் எச்சரிக்க வருவது, அதன் பிறகு அந்த வண்டிக்கு ஒரு பட்டறையில் நேர்ந்ததைப் பற்றி.

பட்டறைக்காரர் சொன்னதில் பிழையே இல்லை. பிளக் துளை வழியே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி மூன்று நாள் ஊறவிட வேண்டும், பிஸ்டனோடு இணைந்து சுழலும் தண்டான கிராங்க்கை அன்றாடம் மயிரளவு முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும், இளகிய பின் பழைய என்ஜின் ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும் என்று வரிசையாக விளக்கினார். இத்தனை தெளிவாகச் சொல்பவர் அதன்படியே செய்வார் என்று நானும் நம்பினேன். மூன்றாம் நாள் மாலை வண்டி ஓடும் நிலையில் கைக்கு வந்தது. ஊறவைத்த கூலி, இரண்டு டப்பா ஸ்ப்ரே, ஆயில் மாற்றம் ஆகியவை பில்லில் தனித்தனியே இருந்தன.

ஒரு வாரத்திற்குள் சைலன்சரில் நீலப் புகை வரத் தொடங்கியது. வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஆயில் அளவுகோலை உருவி முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். மண்ணெண்ணெய் வாடை அடித்தது, ஆயிலும் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. ஆயில் மாற்றப்படவேயில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஊற்றிய திரவம் ரிங்குகளின் இடுக்கு வழியே கீழே இறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். அப்படி நீர்த்த ஆயிலோடு ஓடினால் பேரிங்குகள் தேயும். சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைத் திறந்து சிலிண்டரைக் கழற்றியபோது மேல் ரிங் இரண்டாக ஒடிந்திருந்தது, சிலிண்டர் சுவரில் நெடுக்காகக் கீறல்கள் இருந்தன, கிராங்க் முனையிலிருந்த நட்டின் மூலைகள் மழுங்கிப்போயிருந்தன. சைலன்சரை ஹெட்டோடு பிடிக்கும் மரையுள்ள தண்டுகளான ஸ்டட்களில் ஒன்று ஒடிந்து, அந்தத் துண்டு பசையால் ஒட்டவைக்கப்பட்டிருந்தது.

முதல் பட்டறைக்குத் திரும்பிப் போய்க் கேட்டபோது உரிமையாளர் மழுப்பினார். அங்கே வேலை செய்யும் பையன்தான் உண்மையைச் சொன்னான். வண்டியை விட்ட அன்று மாலையே மண்ணெண்ணெயை ஊற்றி, ஸ்பேனரில் இரும்புக் குழாயை மாட்டி நீட்டி, இரண்டு பேர் சேர்ந்து திருப்பியிருக்கிறார்கள். மீதி இரண்டு நாளும் வண்டி ஒரு மூலையில் சும்மாவே நின்றிருக்கிறது. ஸ்ப்ரே டப்பாக்கள் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவதற்கு அலமாரியில் இருப்பவை.

மண்ணெண்ணெய் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. பொறுமை இருந்தால் அதுவும் ஓரளவு வேலை செய்யும். ஏமாற்று நடந்தது காத்திருப்பில்தான். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் இடைவெளி முழுவதையும் நிரப்பி இறுக்கிவிடுகிறது. இந்த எண்ணெய்கள் துருவைக் கரைப்பதில்லை. மெல்லிய திரவமாகையால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நுண்ணிய வெடிப்புகளுக்குள் ஊர்ந்து சென்று வழுக்கலை உண்டாக்குகின்றன, அவ்வளவுதான். அந்த ஊர்தலுக்கு மணிக்கணக்கிலும் சில நேரம் நாட்கணக்கிலும் அவகாசம் தேவை. அது முடியுமுன் குழாய் மாட்டித் திருப்பினால் துரு விடுவதற்கு முன்பே ரிங் ஒடியும். என் வண்டியில் அதுதான் நடந்தது. 1953இல் உருவான டபிள்யூடி-40 என்ற பிரபல ஸ்ப்ரேகூட முதன்மையாக ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்யப்பட்டதே. இறுகிய பாகங்களுக்கென்றே தனி வகைத் திரவங்கள் கிடைக்கின்றன என்பதைப் பில்லில் ஒரு பெயரைப் பார்த்தவுடன் திருப்தியடைந்த நான் அப்போது அறியவில்லை.

ஸ்டட் விஷயம் இன்னும் எரிச்சலூட்டுகிறது. எஃகு ஸ்டட் அலுமினிய ஹெட்டில் இறுகினால், திரவத்தை நன்றாகத் துடைத்துவிட்டு ஹெட்டைச் சூடாக்குவது வழக்கம். அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் மரையின் பிடி தளரும். அந்தச் சிறு சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் முறுக்கி ஒடித்துவிட்டு, ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதே வேலைக்கு வண்டியை விடுகிறவர்கள், ஊறும் நாட்களில் ஒருமுறையேனும் நேரில் போய்ப் பிளக் துளைக்குள் விளக்கடித்துப் பாருங்கள், வடித்த பழைய ஆயிலைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். பிளக்கைக் கழற்றாமல் செல்ஃப் ஸ்டார்ட்டரை அழுத்த முயன்றால் உடனே தடுத்துவிடுங்கள். சிலிண்டருக்குள் தேங்கிய திரவம் அமுங்காது. பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

பலமுறை நான் நடையாய் நடந்த பின் முதல் பட்டறை உரிமையாளர் ஊறவைத்த கூலியை மட்டும் திருப்பித் தந்தார். ரிங்கைப் பற்றிக் கேட்டதற்கு, "வண்டி ஓடிச்சுல்ல சார்?" என்றார்.