ஆச்சிமாரோடு போகப் பினாங்கா, சிங்கப்பூரா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பங்காளிகள் 20 பேர் சேர்ந்து வெளிநாடு போவதென்று பேச்சு வந்தால், முதலில் அடிபடும் ஊர்கள் இந்த இரண்டுதான். பாட்டனார்கள் கொண்டுவிற்க, அதாவது வணிகத்துக்கு, போன ஊர்கள் ஆயிற்றே. நாங்கள் தேர்ந்தது மலேசியாவின் பினாங்கு. இன்னொரு முறை கேட்டாலும் அதையே சொல்வோம்.

இட்டிலிக்கும் கோயிலுக்கும் தமிழில் வழி கேட்பதற்கும் இரண்டு ஊரிலும் குறைவில்லை. பயணம் சிங்கப்பூருக்குத்தான் எளிது. திருச்சியில் ஏறினால் நேரே இறங்கலாம். பினாங்குக்குப் பெரும்பாலும் கோலாலம்பூரில் மாற வேண்டும். அந்த இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் கோலாலம்பூரில் பெட்டிகளை எடுத்து, மறுபடி போட வேண்டும். 20 பேருக்கு அது மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து முடியாது. விசாவில் நிலைமை தலைகீழ்: மலேசியாவில் இந்தியர்களுக்கு 2026 இறுதிவரை 30 நாள் விலக்கு உண்டு, சிங்கப்பூருக்கு ஆளாளுக்கு விசா எடுக்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு நாள் அலைச்சலோடு போகும். குழுப் பயணத்தைக் கெடுப்பது வேறு: களைத்தவர் அறைக்குத் திரும்புவது எப்படி என்ற கேள்வி. பதினோரு மணி வெயிலில் ஓர் ஆச்சிக்கு முழங்கால் வலித்தால், ஒருவர் துணைக்குப் போக வேண்டும். அந்த ஒருவர்தான் பெரும்பாலும் வழி தெரிந்தவராக இருப்பார். மீதிப் பேர் நடுத்தெருவில் நிற்பார்கள்.

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவில் தங்கி, டேங்க் ரோட்டில் 1859-ல் செட்டியார்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் தோபி காட் நிலையம் ஒரே நிறுத்தம்தான். ஆனால் அங்கே நிலத்தடியில் நீள நடந்து வெளியே வந்து, பிறகு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ரயில் வாசலில் ஒருவருக்கு ஓர் அட்டை. ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. 20 பேரில் யாராவது ஒருவருடைய அட்டை வாசலில் மக்கர் செய்யும். டாக்சி என்றால் வண்டிக்கு நான்கு பேர். ஐந்து வண்டி ஐந்து நேரத்தில் வந்து சேரும்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் லெபு பினாங்கு (பினாங்குத் தெரு), குயின் தெருப் பக்கம் அறை எடுத்தால் இந்தத் தொல்லை பாதிக்குமேல் போய்விடும். 1833-ல் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், கூ கொங்சி மாளிகை எல்லாம் நடை தூரம். முடியாதவர் ஒரு ட்ரைஷா (மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா) பிடித்துப் பத்து நிமிடத்தில் படுக்கைக்குப் போய்விடலாம், குழு கலையாது. ஊருக்குள் சுற்றும் இலவச கேட் (CAT) பேருந்தும் உண்டு. காலை ஏழரைக்குக் கோயில், ஒன்பதரைக்குக் கூ கொங்சி, பதினொன்றுக்கு அறை, மூன்று மணிக்குப் பெரானாக்கான் (மலாய் மண்ணில் வேரூன்றிய சீனர்) மாளிகை, ஆறு மணிக்குச் சியூ (Chew) படகுத்துறை என்று பிரித்தால் உச்சிவெயில் தப்பும். படகுத்துறையில் இருப்பவை குடும்பங்கள் குடியிருக்கும் வீடுகள். வாசலுக்குள் எட்டிப் படம் எடுக்காதீர்கள்.

செட்டிநாட்டார் கண்ணுக்கு இங்கே கிடைப்பது தனி. கொங்சி என்பது என்னவென்று நமக்கு விளக்கவே வேண்டாம்: ஒரே குலத்துச் சீனப் பங்காளிகள் சேர்ந்து கட்டிய பொதுக் கோயிலும் கூடமும். பெரானாக்கான் மாளிகைக்குள் நுழைந்தால் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி அறைகள், இங்கிலாந்துத் தரைஓடு, ஸ்காட்லாந்து இரும்பு வேலை. நம் வளவு வீட்டில் நின்றுகொண்டு பர்மா தேக்கையும் கப்பலில் வந்த இரும்புத் தூண்களையும் பார்த்தவர்கள் அந்த வீட்டில் அரை மணிக்குப் பதில் ஒன்றரை மணி நிற்பார்கள். நேரம் ஒதுக்குங்கள்.

வாட்டர்ஃபால் ரோட்டு நகரத்தார் கோயில் நடை தூரமில்லை, வேன் பேச வேண்டும். அது தரைமட்டத்தில் இருக்கிறது. அதே சாலையின் மலைக்கோயிலுக்கோ 513 படி. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆச்சிமாரைப் படியடியில் இறக்கிவிடாதீர்கள். காரைக்குடியில் செய்து 1894-ல் கப்பலேறிய வெள்ளி ரதம் தைப்பூசத்துக்கு லெபு பினாங்குக் கோயில் வீட்டிலிருந்து இந்த நகரத்தார் கோயிலுக்குத்தான் வருகிறது. அந்த நாட்களில் சாலைகள் அடைபடும், அறை கிடைக்காது. நாம் சொன்ன கணக்கு சாதாரண நாட்களுக்கு மட்டும்.

பினாங்கின் குறை அதன் நடைபாதை. கடைகளின் முன்னால் நம் திண்ணைபோல் ஓடும் ஐந்தடி நடை நிழல்தான், ஆனால் கடைக்குக் கடை உயரம் மாறும். நடுவில் பைக் நிற்கும், ஓரத்தில் சாக்கடை திறந்திருக்கும். தடுக்கி விழுவது இங்கேதான். சக்கர நாற்காலியில் ஒருவர் வருகிறார் என்றால், அல்லது மூன்றே நாள் விடுமுறை என்றால், யோசிக்காமல் சிங்கப்பூர் போங்கள். அங்கே நடைபாதை சமம், நிலையந்தோறும் லிப்ட்.

சிங்கப்பூரில் நம் பழமையைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். செட்டியார்கள் தங்கி வட்டிக்கடை நடத்திய மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் போய் உயர்ந்த கட்டடங்கள் வந்துவிட்டன. கேம்ப்பெல் லேனில் 2015-ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில் ஒரு செட்டிநாட்டு நிலைவாசல் இருக்கிறது, நுணுக்கமான வேலை. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

சாப்பாட்டில் ஒன்று. பினாங்கில் கீரைப் பொரியல் என்று வரும் கங்குங்கிலும் சம்பலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருக்கும். அசாம் லக்சா என்ற நூடுல்ஸின் குழம்பு மீன் குழம்பு. சஷ்டி, கார்த்திகை விரதக்காரர்களுக்கு பினாங்கு லிட்டில் இந்தியாவின் சைவக் கடைகளையே நம்புங்கள்.