லெகசியா, யூஇஎஃப்ஐயா? கையில் இருக்கிற சிஸ்டத்துக்கு எது சரி

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் செகண்ட் ஹேண்ட் சிஸ்டம் வாங்குகிறவர்கள் ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி இருக்கா என்று துருவித் துருவிக் கேட்பார்கள், விலையில் ஐநூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். சிஸ்டம் ஸ்டார்ட் ஆகும்போது திறக்கிற பயாஸ் செட்டப்பில் பூட் மோடு, அதாவது விண்டோஸை எழுப்புகிற முறை, லெகசியில் (பழைய பயாஸ் முறை) இருக்கா, யூஇஎஃப்ஐயில் (அதற்குப் பதிலாக வந்த புது முறை) இருக்கா என்று யாரும் பார்ப்பதில்லை. விண்டோஸை மறுபடி போட வேண்டிய நாளில்தான் அந்த வரி கண்ணில் படும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி ஆபரேட்டிங் சிஸ்டம்) போடுகிற எந்த சிஸ்டத்துக்கும், மதர்போர்டு இடம் கொடுத்தால் யூஇஎஃப்ஐதான். ஏற்கெனவே லெகசியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதைக் காரணமில்லாமல் கிளறாதீர்கள்.

பவர் பட்டனை அமுக்கியதும் முதலில் நடப்பது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மதர்போர்டில் உள்ள ஃப்ளாஷ் சிப்பில் எழுதி வைத்திருக்கும் புரோகிராமான ஃபெர்ம்வேரிலிருந்துதான் சிபியு ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ரேம்கூட வேலை செய்யாது, அதைத் தட்டி எழுப்புவதே ஃபெர்ம்வேரின் வேலைதானே, அதுவரைக்கும் இன்றைய பல சிபியுக்களில் உள்ளே இருக்கும் கேஷ் என்ற குட்டி மெமரியையே ரேம் மாதிரி வைத்து ஒப்பேற்றும். அப்புறம் கீபோர்டு, டிஸ்ப்ளே, டிஸ்க். ஓஎஸ்ஸை எங்கே தேடுவது என்ற இடத்தில்தான் பாதை பிரிகிறது.

1981-ல் ஐபிஎம் பிசியோடு வந்த பயாஸுக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. டிஸ்க்கின் முதல் செக்டரை, அதாவது முதல் துண்டை, வெறும் 512 பைட், அப்படியே ரேமில் ஏற்றும்; கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற குறி இருந்தால் உடனே அதற்குள் குதித்துவிடும். மாட்டுத்தாவணியில் போர்டு பார்க்காமல் முதலில் நிற்கிற பஸ்ஸில் ஏறுகிற ஆள் மாதிரி. அந்த 512-ல் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதிகள்) பட்டியலுக்கு 64, குறிக்கு 2 போக மீதி 446 பைட்டுக்குள் பூட் கோடைச் சுருட்டி வைக்க வேண்டும். பட்டியலில் இடமும் நாலுதான். செக்டர் எண்ணை எழுத 32 பிட்தான் என்பதால் வழக்கமான டிஸ்க்கில் 2 டிபிக்கு மேல் உள்ள இடத்தை அந்தப் பட்டியலால் சுட்டவே முடியாது.

யூஇஎஃப்ஐக்கு ஃபைல் படிக்கத் தெரியும். இன்டெல் தன் ஐட்டேனியம் சிபியுவுக்காக 90-களின் கடைசியில் தொடங்கிய வேலை, 2005-ல் பல கம்பெனிகள் சேர்ந்த ஒரு ஃபோரத்தின் கைக்குப் போனது. டிஸ்க்கில் ஃபேட்32-ல் ஒரு சின்ன பார்ட்டிஷன், அதில் இஎஃப்ஐ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் தனி ஃபோல்டர். ஓஎஸ்ஸை எழுப்புகிற பூட்லோடர் என்பது அங்கே கிடக்கிற சாதாரண ஃபைல்தான்.

இதன் அருமை டூயல் பூட், அதாவது ஒரே சிஸ்டத்தில் இரண்டு ஓஎஸ், வைத்தவர்களுக்குத் தெரியும். 2011-ல் ஆரம்பித்த திட்டத்தில் வந்த அரசு லேப்டாப்புகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. லெகசியில் போட்ட அப்படியொரு லேப்டாப்பில் விண்டோஸை மட்டும் திரும்பப் போட்டால் அது முதல் செக்டரில் தன் கோடை எழுதிவிடும், லினக்ஸ் டிஸ்க்கில் இருந்தும் உள்ளே போக வழி இருக்காது. யூஇஎஃப்ஐயில் விண்டோஸ் தன்னைப் பூட் வரிசையில் முதலிடத்துக்கு ஏற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். செட்டப்பில் வரிசையை மாற்றினால் லினக்ஸ் திரும்ப வந்துவிடும்.

உசிலம்பட்டியில் என் மச்சினன் சிஸ்டம் ஒருநாள் கருப்புத் திரையில் 'நோ பூட் டிவைஸ்' என்று நின்றுவிட்டது. தூக்கிக்கொண்டு போன சர்வீஸ் கடையில் ஹார்ட் டிஸ்க் போச்சு, புதுசு போடணும் என்றார்களாம். செட்டப்பைத் திறந்து பார்த்தால் தேதி 2012 ஜனவரி 1. செட்டிங்கையும் தேதியையும் காத்து வைக்கிற சிமாஸ் பேட்டரி செத்ததால் எல்லாம் டீஃபால்ட்டுக்குப் போய், பூட் மோடு யூஇஎஃப்ஐ ஆகியிருந்தது. டிஸ்க்கில் இருந்ததோ லெகசியில் போட்ட விண்டோஸ். ஒரு சிஆர்2032 பேட்டரியை மாற்றி மோடை லெகசிக்குத் திருப்பியதும் விண்டோஸ் வந்துவிட்டது. அதனால் டிஸ்க் போச்சு என்று யாராவது சொன்னால் முதலில் தேதியையும் பூட் மோடையும் பாருங்கள்.

யூஇஎஃப்ஐயில் குறையே இல்லையா? இருக்கிறது. அது இன்றைக்கு ஒரு குட்டி ஓஎஸ். கோடு கூடினால் ஓட்டையும் கூடும். ஸ்டார்ட் ஆகும்போது காட்டுகிற கம்பெனி லோகோ படத்தைப் படிக்கும் கோடில்கூட ஓட்டை இருந்தது 2023-ல் வெளியே வந்தது, அதற்கு லோகோஃபெயில் என்று பேர். யூஇஎஃப்ஐயில் உள்ள செக்யூர் பூட் என்ற வசதி டிஜிட்டல் கையெழுத்தில்லாத பூட்லோடரைத் தடுக்கும், நல்லதுதான், ஆனால் பெரும்பாலான போர்டுகளில் சாவி மைக்ரோசாஃப்ட்டுடையது. உபுண்டுகூட மைக்ரோசாஃப்ட் கையெழுத்துப் போட்ட ஷிம் என்கிற சின்ன புரோகிராம் வழியாகத்தான் உள்ளே வருகிறது. எனக்கு இதில் கொஞ்சம் உறுத்தல் உண்டு. பயாஸில் இந்தத் தொல்லை இல்லை, பாதுகாப்பும் இல்லை.

யூஇஎஃப்ஐதான் வேகம் என்று அடித்துப் பேசுவார்கள். நீங்கள் உணர்கிற வேகத்தில் பெரும்பங்கு எஸ்எஸ்டி கொடுத்தது.

கோர்பூட் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. 1999-ல் லினக்ஸ்பயாஸ் என்று தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் ஃபெர்ம்வேர், குரோம்புக்குகளில் இருப்பது அதுதான். நம் போர்டு அதன் பட்டியலில் இருப்பது அபூர்வம், சிப்பைத் திரும்ப எழுதும் கருவி கையில் இல்லாமல் இறங்கவும் கூடாது.

சரி, எதை வைப்பது? எக்ஸ்பியில் ஓடுகிற பழைய பில்லிங் சாஃப்ட்வேர்தான் கடையின் உயிர்நாடி என்றால் லெகசியிலேயே விடுங்கள், எக்ஸ்பிக்கு வேறு வழியில்லை. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் யூஇஎஃப்ஐ கட்டாயம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கும். லெகசியில் இருக்கும் விண்டோஸ் 10-ஐ அழிக்காமலே மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸோடே வருகிறது. முக்கியமான ஃபைல்களை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு அதை ஓட்டுங்கள், முடிந்த பிறகு செட்டப்பில் மோடை மாற்றுங்கள். மோடை மட்டும் மாற்றினால் அந்தக் கருப்புத் திரைதான் வரும். இப்போது எதில் ஓடுகிறது என்று தெரிய, ஸ்டார்ட்டில் எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்து, வருகிற பட்டியலில் பயாஸ் மோடு என்ற வரியைப் பாருங்கள்.