ஷேர்பாயிண்ட் படிவம் சேவ் ஆகாதபோது: மூன்று வருட அனுபவம்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக இருக்கிறேன். மூன்று வருடமாகக் காலைப் பெரட்டும் (ஆள் வருகைக் கணக்கு) குலைக் கணக்கும் மைக்ரோசாஃப்டின் இணைய அட்டவணையான ஷேர்பாயிண்ட் லிஸ்டில்தான் ஏறுகின்றன. லிஸ்டோடு வரும் படிவம், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர்களுக்குத் தோதுப்படவில்லை. அதனால் படிவத்தை மாற்றி அமைக்க உதவும் பவர் ஆப்ஸில் பெரிய எழுத்து, தமிழ்த் தலைப்பு என்று நானே மாற்றி அமைத்தேன். கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பிப் போக எனக்கு மனமில்லை, அவ்வளவு உதவியாக இருக்கிறது. சேவ் தகராறு மட்டும்தான் நிறைய நாள் அலைக்கழித்தது.

"தம்பி, நேத்து போச்சு, இன்னைக்குப் போகலையே" என்பார் மூத்த மண்டோர். மழை நாளில்தான் அப்படி ஆகும். உள்காட்டில் மழை பெய்தால் லைன் கிடைக்காது, அதுதான் காரணம் என்று மாதக்கணக்கில் நம்பினேன். ஒருநாள் ஆபீஸ் வைஃபையிலேயே அதே பிழை வந்தது. அப்புறம்தான் அவர் எழுதியதைப் படித்தேன். மழை என்றால் எந்த பிளாக்கில் தண்ணீர், எந்தக் குலை ஏற்றப்படவில்லை என்று அக்கறையாக விவரிப்பார். அந்தக் குறிப்பையும் இன்னொரு பெட்டியையும் சேர்த்து ஒரே நெடுவரிசைக்கு அனுப்பும்படி அமைத்திருந்தவன் நான். ஒற்றை வரி நெடுவரிசை 255 எழுத்துக்குமேல் வாங்காது. தனித்தனியே இரண்டு பெட்டியும் அளவுக்குள்தான், சேர்ந்தால் தாண்டிவிடும்.

தமிழில் எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். 'தோட்டம்' நம் கண்ணுக்கு நாலு எழுத்து, கணினிக்கு ஏழு. நெடுவரிசையைப் பல வரி வகைக்கு மாற்றியதும் மழை நாள் பிழை நின்றது.

இன்னொரு முறை எல்லோருக்குமே சேவ் நின்றுபோனது. லிஸ்டில் யாரோ லோரி எண்ணைக் கட்டாயமாக்கியிருந்தார்கள், என் படிவத்திலோ அந்தப் பெட்டியே இல்லை. லிஸ்டில் கை வைத்தால் படிவத்துக்குள் போய் டேட்டா சோர்ஸை (லிஸ்டோடு உள்ள இணைப்பை) புதுப்பித்து, மறுபடி பப்ளிஷ் செய்ய வேண்டும். கட்டாயப் பெட்டியை மறைத்து வைத்தாலும் இதே கதைதான், காலியாக இருந்தால் சேவ் ஆகாது.

இவற்றையெல்லாம்விட எனக்கு வருத்தம் தந்தது வேறு. படிவத்தைச் சேவ் செய்யும் சப்மிட்ஃபார்ம் கட்டளைக்கு அடுத்த வரியிலேயே, படிவத்தைக் காலி செய்யும் ரீசெட்ஃபார்ம் போட்டிருந்தேன். சேவ் தோற்றாலும் படிவம் காலியாகிவிடும். மண்டோர் பனியில் நின்று, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துத் தட்டிய இருபத்தாறு பேர் கணக்கு ஒருநாள் அப்படியே போனது. ஒன்றும் சொல்லாமல் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அன்று மாலையே ரீசெட்ஃபார்மை, சேவ் ஆனால் மட்டும் ஓடும் ஆன்சக்ஸஸுக்கு நகர்த்தினேன். சேவ் தோற்றால் ஓடும் ஆன்ஃபெயிலியரில் படிவத்தின் எர்ரர் செய்தியைத் திரையில் காட்டச் சொல்லி, மேலே தமிழில் ஒரு வரி சேர்த்தேன்: "சேவ் ஆகவில்லை. எழுதியது அப்படியே இருக்கிறது. இந்தத் திரையைப் படம் பிடித்துக் கிராணிக்கு அனுப்புங்கள்." இப்போதெல்லாம் பிழை வந்தால் அந்தப் படம்தான் முதலில் என் வாட்ஸ்அப்புக்கு வருகிறது.