ஹட்டன் கடையில் வாங்கிய வெற்று டிவிடிகள்

தங்கச்சியின் கல்யாண வீடியோவை எழுதி வைக்க ஹட்டன் டவுனில் ஒரு சின்னக் கடையில் பத்து டிவிடி வாங்கினேன். கடைக்கார அண்ணன் முதலில் கேட்டதே, "வீட்டு பிளேயர் எத்தனை வருசம் பழசு தம்பி?" என்றுதான். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கடையைச் சொல்லலாம்.

எழுதக்கூடிய வெற்று டிவிடியில் டிவிடி-ஆர், டிவிடி பிளஸ்-ஆர் என்று இரண்டு வகை உண்டு; பழைய பிளேயர் சிலவற்றுக்கு ஒரு வகை ஒத்துவராது, அதுதான் அந்தக் கேள்வி. டிவிடி-ஆர், டிவிடி ஃபோரம் வகுத்த தரம். 1995இல் கம்பனிகள் கூடித் தொடங்கி, 1997இல் இந்தப் பெயருக்கு மாறிய அமைப்பு அது. பிளஸ்-ஆர் வேறொரு கூட்டணியுடையது. கையில் எடுத்தால் வித்தியாசமே தெரியாது: இரண்டும் 12 செ.மீ., 0.6 மி.மீ. தகடு இரண்டை ஒட்டிய 1.2 மி.மீ. தடிப்பு, 4.7 ஜிபி. ஆனால் அப்பாவின் பிளேயர் பிளஸ்-ஆரைப் போட்டால் கரகரத்துவிட்டு வெளியே தள்ளிவிடும்.

ஒன்பது சரியாக எழுதின. ஒன்று பாதியில் நின்றது. புரட்டிப் பார்த்தேன், ஊதா நிற அடிப்பக்கத்தில் ஓரமாக மெல்லிய கறை. மறுநாள் கொண்டுபோனதும் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்.

பதிவாவது சாயப் படலத்தில். வெயிலும் ஈரமும் அதற்கு ஆகாது. எங்கள் லயத்துச் சுவர் மழைக்காலத்தில் வேர்க்கும், அதனால் அம்மாவின் பிஸ்கட் டின்னில் போட்டு, அலுமாரி மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அம்மாயி இதுவரை மூன்று தரம் எடுத்துப் பார்த்துவிட்டார்.