அறுநூறு கிலோ என்று விற்ற பாய்மரப் படகு: மதுரைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மதுரை வட்டாரத்தில் சொந்தமாகப் பாய்மரப் படகு வாங்க ஆசைப்படுகிறவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரை நம்பியே ஒரு தரகர் அழகர்கோவில் சாலைப் பக்கம் கொட்டகை போட்டு வியாபாரம் செய்கிறார். அவரிடம் படகு வாங்கி ஏமாந்த நான் கொடுத்த புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. அவருடைய துணிச்சலுக்குக் காரணம் எளிது. நம் ஊரில் கடல் இல்லை. படகைத் தட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல ஆள் இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்து ஆட்களிடம் இந்தச் சரக்கு ஒரு நாள் தாங்காது.

கடலே இல்லாத ஊரில் படகு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிருந்து மண்டபம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அங்கே ஒரு பக்கம் வடகடல் (பாக் விரிகுடா), மறுபக்கம் தென்கடல் (மன்னார் வளைகுடா). கோடையின் கடைசியில் தொடங்கும் தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது நிலைமை தலைகீழ். டிரெய்லரில் ஏற்றக்கூடிய சிறிய படகாக இருந்தால், எந்தப் பக்கம் அடங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் இறக்கிக்கொள்ளலாம். சனி ஞாயிறுக்குக் கரையை ஒட்டி ஓட்டிவிட்டு இரவு வீடு திரும்பலாம். (தென்கடலில் இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றில் கால் வைக்கக் கூடாது. "தீவில் கூடாரம் அடித்துத் தங்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்" என்று தரகர் சொன்னபோதே அவருடைய மற்றப் பேச்சையும் எடை போட்டிருக்கலாம்.)

வடகடல் ஆழம் குறைந்த கடல். அதனால் அங்கே ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றி இறக்கும் ஏரா உள்ள படகுதான் வசதி. ஏரா என்பது படகின் அடியிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் கனத்த இரும்புத் தகடு. காற்று பாயைத் தள்ளும்போது படகு பக்கவாட்டில் நழுவாமலும் கவிழாமலும் பிடித்துக்கொள்வது அதுதான். ஒரு போல்ட்டை அச்சாகக் கொண்டு அது மேலும் கீழும் ஆடும். கரைக்கு வரும்போது சிறிய விஞ்சை, அதாவது கயிறு சுற்றும் கைப்பிடி உருளையை, சுற்றி மேலே தூக்கிக்கொள்ளலாம்.

தரகர் காட்டிய படகு 17 அடி, உள்ளூர்ப் பைபர் வேலை. "அமெரிக்காவின் கேட்டலினா 22 தெரியுமா? அதன் தம்பி இது" என்றார். கேட்டலினா 22 பெயர்பெற்ற படகுதான். 1969-இல் தொடங்கி இதுவரை 15,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. ஆடும் ஏரா உள்ள பழைய வகையில் ஏரா மட்டுமே 250 கிலோ. படகு மொத்தம் சுமார் ஒரு டன், டிரெய்லர் தனி. பெரிய பெயரைச் சொல்லி நம் கண்ணை அங்கே திருப்பிவிட்டு, "இதுவோ டிரெய்லரோடு சேர்த்தே அறுநூறு கிலோ, உங்கள் கார் இழுத்துவிடும்" என்றார். எழுத்தில் கேட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: "600 கிலோவுக்கு மேல் இருந்தால் பணம் வாபஸ்." அந்த ஒரு வரிதான் இன்று என் கையில் இருக்கும் ஆயுதம்.

ஏராவை இறக்கிக் காட்டச் சொன்னேன். டிரெய்லரின் குறுக்குச் சட்டம் சரியாக ஏராவின் அடியில் முட்டிக்கொண்டிருந்தது. "தண்ணீரில்தான் இறக்க முடியும் சார், இங்கே இறக்கினால் வளைந்துவிடும்" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். விஞ்சைச் சுற்றிக் காட்டினார், கயிறு இறுகியது, அடியில் ஏதோ கிரீச்சிட்டது. கயிற்றின் மறுமுனையில் ஏரா இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 3,80,000 ரூபாய் கைமாறியது.

வெட்டவெளிச்சமாக்கியது வாடகை ஜீப்பின் ஓட்டுநர். புதுப் படகைக் கொண்டு நம் காரைச் சோதிக்க வேண்டாம் என்று ஜீப் பிடித்திருந்தேன். சுற்றுச்சாலையில் ஒரு பாலத்தின் ஏற்றத்தில் கிளட்ச் வாடை அடித்தது. "அண்ணே, இது அறுநூறு கிலோ இழுவை இல்லை. எடை போட்டுப் பாருங்கள்" என்றார். வழியில் இருந்த எடை மேடையில், ஜல்லி லாரிகளுக்கு நடுவே, டிரெய்லரைக் கழற்றி நிறுத்தினோம். 1,180 கிலோ. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கப்பலூர்ப் பக்கம் ஒரு பைபர் பட்டறையில் கிரேன் வைத்துப் படகைத் தூக்கினோம். அங்கே வேலை பார்க்கும் பெரியவர் மண்டபத்தில் பல காலம் மீன்பிடிப் படகு வார்த்தவர். திருப்புளியின் கைப்பிடியால் மேல்தளத்தைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டண்' என்று கேட்டது; பாய்மரம் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சத்தமே செத்துப்போயிருந்தது. "உள்ளே பிளைவுட் ஊறிவிட்டது தம்பி, மேலே பெயிண்டுதான் நிற்கிறது" என்றார். அடியில் ஒரு சிறு துளை போட்டதும் பழுப்பு நிறத் தண்ணீர் நூலாக ஒழுகத் தொடங்கியது. அந்த ஒழுக்கு வெகு நேரம் நிற்கவில்லை. படகு மூழ்காமல் இருக்க அடித்தளத்துக்குள் அடைத்த தெர்மாகோல் எத்தனையோ மழையைக் குடித்துவைத்திருக்கிறது. எடையில் ஒரு பங்கு அந்தத் தண்ணீர்.

ஏராவின் கதை இன்னும் மோசம். அது இறங்க வேண்டிய பிளவைப் பட்டி வைத்து அடைத்து, மேலே நீலப் பெயிண்ட் பூசியிருந்தார்கள். பட்டியைச் செதுக்கியதும் துருத் தகடு அப்பளமாக உதிர்ந்தது. அச்சுப் போல்ட்டை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். விஞ்சின் கயிறு உள்ளே ஒரு வளையத்தில் சும்மா கட்டப்பட்டிருந்தது. இந்தப் படகைக் கடலில் இறக்கிப் பாயை விரித்திருந்தால், பக்கவாட்டில் ஒரு பலத்த காற்று போதும், கவிழ்ந்திருக்கும். கீழே இழுக்கக் கனம் இல்லாததால் நிமிர்ந்தும் இருக்காது. பண மோசடி என்றால் வழக்குப் போட்டுக்கொள்ளலாம். இவர் ஆள் உயிரோடு விளையாடியிருக்கிறார்.

பாய்கள் நன்றாகவே இருந்தன. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

டிரெய்லருக்கு வருகிறேன். "காகிதம் தேவையில்லை, இது வண்டி இல்லையே" என்றார் தரகர். பொய். மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு வேண்டும். பதிவு இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கிடையாது, சாலையில் ஒருவர்மேல் மோதினால் முழுப் பொறுப்பும் நம் தலையில். என் டிரெய்லர் பழைய டிராக்டர் அச்சில் சேனல் இரும்பை ஒட்டிச் செய்தது. சக்கரக் குடத்தைத் திறந்தால் கிரீஸ் பாலும் டிகாஷனும் கலந்த நிறத்தில் இருந்தது, உப்புத் தண்ணீர் புகுந்ததன் அடையாளம். நெடுந்தூரம் ஓடிச் சூடான குடத்தை அப்படியே கடலில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கரைக்குப் போனதும் குடம் ஆறும்வரை காத்திருந்துதான் இறக்க வேண்டும். இந்த டிரெய்லரை யாரும் அப்படி நடத்தியதாகத் தெரியவில்லை.

தரகரைக் கேட்டதற்கு, "பழைய சாமான், உள்ளது உள்ளபடி விற்றேன்" என்றார். அவர் கொடுத்த ரசீதில் "மீன்பிடிப் பைபர் படகு ஒன்று" என்று மட்டும் இருக்கிறது. பாய்மரம் இல்லை, ஏரா இல்லை, டிரெய்லர் இல்லை, எடை இல்லை. ரசீதை இப்படி மொட்டையாக எழுதுவதும் திட்டமிட்ட வேலைதான்.

இப்படி மாட்டியவர்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழிகாட்டல் வேண்டுமென்றால் 1915 என்ற எண். தொழிலாக விற்பவருக்குத்தான் இது பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய படகை விற்றால் இந்த வழி இல்லை.

மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல், படகு வாங்குகிறவன் முன்பணத்துக்கு முன்பே அதை டிரெய்லரிலிருந்து தூக்கிப் பார்க்க வேண்டும். கிரேன் வாடகையை நானே தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் சாக்கு சொன்னால் எழுந்து வந்துவிடலாம். எடை மேடைச் சீட்டு இல்லாமல் எடையை நம்ப வேண்டாம்.

அறை வைத்த படகு வேண்டும் என்ற பிடிவாதமும் நமக்கு அவசியமில்லை என்பது என் கருத்து. சித்திரை வெயிலில் பைபர் அறைக்குள் யார் படுக்க முடியும்? 1957-இல் இயன் புரொக்டர் வடிவமைத்த வேஃபேரர் திறந்த படகுதான். நீளம் 16 அடிக்குச் சற்றுக் குறைவு, உடல் எடை 170 கிலோவைத் தொடாது. ஃபிராங்க் டை என்ற ஆங்கிலேயர் 1963-இல் அந்தப் படகில் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து வரை போய்ச் சேர்ந்தார். அந்த அளவுள்ள படகைச் சாதாரணக் காரே இழுக்கும், இருவர் சேர்ந்தால் கரையில் நகர்த்தவும் முடியும்.

அதே கொட்டகையிலிருந்து இப்போது இன்னொரு விளம்பரம் வந்திருக்கிறது: வெள்ளை நிறம், சிவப்புக் கோடு, 19 அடி, "டிரெய்லரோடு 600 கிலோ". எல்லாப் படங்களும் டிரெய்லர்மேல் வைத்து எடுத்தவை. அடிப்பக்கம் ஒன்றில்கூட இல்லை. யாராவது பார்க்கப் போவதாக இருந்தால் முதலில் எனக்கு எழுதுங்கள், எடைச் சீட்டின் நகலையும் பட்டியைச் செதுக்கியபோது எடுத்த படங்களையும் அனுப்புகிறேன்.